பின் டயரும் நாற்பது மில்லி பாலும்

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு மதியம் மனைவி கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனபோது ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அன்று மாலையே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். எடை ஒரு கிலோ நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது, அவள் பாதம் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், கையில் ஊசி. அவளைச் சுற்றியிருந்த ஒயர்களை எண்ணிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளாப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

நாங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான வருடமே பெங்களூருக்கு வந்து பொம்மனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் பொம்மசந்திராவில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மருத்துவமனை விவேக் நகர்ப் பக்கம். வீட்டுக்கு ஒரு திசையில் குழந்தை, எதிர்த்திசையில் வேலை. நடுவில் ஓடிக்கொண்டிருந்தது என் மின்சார ஸ்கூட்டர்.

ஆபரேஷன் தையலில் சீழ் கோத்து, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. புண் ஆறும்வரை குழந்தைகள் வார்டுக்குள் அவள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பால் கொடுக்கலாம். அவள் சாப்பிடும் மருந்தால் பாலுக்குக் கெடுதல் இல்லை, இப்படி எடை குறைந்து பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை விடப் பெரிய மருந்தும் இல்லை என்றார் டாக்டர்.

அதனால் அவள் வீட்டில் உட்கார்ந்து கைப்பம்பு வைத்துப் பாலை எடுப்பாள். ஊரிலிருந்து வந்து கூட இருந்த அவள் அக்கா, மருத்துவமனையில் கொடுத்த சின்ன டப்பாக்களில் அதை ஊற்றி, எடுத்த நேரத்தை எழுதி ஒட்டுவார். நான் ஐஸ் பாக்கெட் வைத்த பையில் அடுக்கி எடுத்துப் போவேன். காலையில் ஒரு முறை, பதினொரு மணிக்கு ஒரு முறை. பிறகு அங்கிருந்து நேராக பொம்மசந்திராவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். பிரசவமாகி ஒரு வாரமே ஆன, குழந்தையின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்த பெண்ணுக்குப் பால் சுரப்பது எவ்வளவு சிரமம் என்று அந்த நாட்களில்தான் அறிந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்தால் பத்து மில்லி வரும். சில சமயம் ஐந்து. குழந்தையின் போட்டோவை என் போனில் எடுத்து வந்து காட்டுவேன். அதைப் பார்த்துக்கொண்டே எடுப்பாள். கண்ணிலும் தண்ணீர் வரும்.

ஸ்கூட்டரின் பின் டயர் தேய்ந்துபோயிருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்.

பெட்ரோல் வண்டி வைத்திருந்தவரை, பங்க்குக்குப் போகும்போதெல்லாம் டயருக்குக் காற்றும் பிடித்துவிடுவேன். மின்சார வண்டி வந்த பிறகு பங்க் பக்கம் போகும் வேலையே இல்லாமல் போனது. வீட்டு வாசலில் சார்ஜ் போட்டு எடுத்தால் சரி. பின் டயரில் காற்று பார்த்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு சார்ஜுக்கு எண்பது கிலோமீட்டர் ஓடிய வண்டி அறுபதிலேயே சோர்ந்தபோது, பேட்டரிதான் போகிறது என்று நினைத்தேன். காற்று குறைந்த டயரை இழுக்க மோட்டார் திணறுகிறது என்று தோன்றவே இல்லை. தொழிற்சாலையில் தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு மெஷினாகப் போய் ஆயில் அளவு, காற்றழுத்தம், பெல்ட் தேய்மானம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் சொந்த வண்டியை அப்படி ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

குழந்தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் முன் டயரில் ஆணி குத்தியபோது, பஞ்சர் போட்டவர் சொல்லவும் செய்தார். "சார், பின் டயர் முடிஞ்சுபோச்சு. நடுவுல பட்டன் எல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. சைடுலயும் வெடிப்பு விட்டிருக்கு. இந்த வண்டிக்கு மோட்டாரு பின் சக்கரத்துக்குள்ளயே இருக்குது பாருங்க, வெயிட்டு பூரா அதுமேலதான். சீக்கிரம் மாத்திடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மாற்றலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் குழந்தை பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு டயருக்கென்று ஒதுக்க என்னிடம் ஒரு மணி நேரம்கூட இல்லை. இல்லை என்று அப்போது நினைத்தேன்.

குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆனபோது அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டது. பாலை நிறுத்தி, வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினார்கள். முதல் நாள் போனது, இரண்டாம் நாளும் போனது. இந்தச் செய்தியை மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னதிலிருந்து அவளுக்குப் பால் வற்ற ஆரம்பித்தது. டப்பாவில் அடி மட்டும்தான் நனைந்திருக்கும்.

மூன்றாம் நாள் மாலை டாக்டர் போனில் கூப்பிட்டார். "வயிறு வடிஞ்சிருக்கு. நாளைக்குக் காலைல எட்டரைக்கு ரெண்டு மில்லி குடுத்துப் பாக்கலாம். தாய்ப்பால் மட்டும்தான். ஃப்ரெஷ்ஷா எடுத்துட்டு வாங்க."

அதைக் கேட்டதும் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பம்பைக் கையில் எடுத்தாள். தூங்கவே இல்லை. விடியும்போது இரண்டு டப்பாவில் சேர்த்து நாற்பது மில்லி இருந்தது. அத்தனை நாளில் அவ்வளவு எடுத்ததே இல்லை. ஏழேகாலுக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பையில் வைத்து, அவளே ஜிப்பை இழுத்து மூடி என் கையில் கொடுத்தாள்.

"பாத்துப் போங்க. பள்ளத்துல விடாதீங்க" என்றாள்.

நான் பள்ளத்தில் விடவில்லை. சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி மடிவாளா பக்கம் போகும்போது, சாலையை வெட்டிவிட்டுச் சரியாக மூடாத இடம் ஒன்று இருந்தது. இரவு பெய்த மழையில் அதில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத் தவிர்க்க இடப்பக்கமாக ஒதுங்கினேன். நடைபாதைக் கல்லின் முனை ஒன்று சாலைப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. முன் சக்கரம் தாண்டிவிட்டது. பின் சக்கரம் அதில் உரசியது. துணி கிழிவதுபோல ஒரு சத்தம், உடனே பெரிதாக ஒரு வெடி. வண்டியின் பின்பாகம் வாலைப்போல ஆடியது. இரண்டு காலையும் ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். முதலில் பையைத்தான் திறந்து பார்த்தேன். டப்பாக்கள் நிமிர்ந்தே இருந்தன.

டயரின் பக்கச்சுவர் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

மணி ஏழு ஐம்பது. அங்கேயே வண்டியைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்துப் போயிருக்க வேண்டும். இன்றைக்கு யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கு ஆட்டோவுக்குப் போனில் பதிவும் செய்தேன். முதலில் ஏற்றுக்கொண்டவர் ரத்து செய்தார். இரண்டாவது ஆட்டோ பதினெட்டு நிமிடம் என்று காட்டி, பத்து நிமிடம் கழித்து அதுவும் ரத்தானது. சாலையில் போன ஆட்டோக்கள் எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு போயின. தூறல் போட்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சர் கடை கண்ணில் பட்டது. அந்தக் கணத்தில் என் புத்தி ஒரு கணக்குப் போட்டது. பதினொரு மணிக்கு மறுபடியும் பால் எடுத்து வர வேண்டும், மதியம் வேலைக்குப் போக வேண்டும், வண்டி இல்லாவிட்டால் எல்லாமே நின்றுவிடும், டயர் மாற்ற இருபது நிமிடம்தானே ஆகும். இதுதான் நான் செய்த தப்பு. பாலை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

காற்றில்லாத மின்சார வண்டியைத் தள்ளியவர்களுக்குத் தெரியும், அது நகரவே நகராது. மோட்டாரின் கனம் முழுவதும் ரிம்மில் இறங்கி, டயர் தரையோடு தேய்ந்து நாறியது. ஒரு கையால் பையை மார்போடு பிடித்திருந்தேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். குனிந்து பார்த்ததுமே கையை விரித்தார்.

"ஆகல்ல சார், முடியாது. சைடு கிழிஞ்சிருக்கு, பஞ்சர் ஸ்ட்ரிப் வெச்சு அடைச்சா நிக்காது. டயரு மாத்தணும். மாத்தணும்னா வீலைக் கழட்டணும். இது மோட்டார் வீலு, நான் தொட மாட்டேன்."

"ஏன்?"

"இதோ, இந்த ஒயர் பாருங்க. நேரா மோட்டாருக்குள்ள போவுது. போன மாசம் ஒருத்தர் வண்டியில இது நசுங்கிப்போச்சு. அவர் பண்ண கலாட்டா இன்னும் காதுல இருக்கு. கம்பெனிக்கு போன் பண்ணுங்க, வந்து தூக்கிட்டுப் போவாங்க."

போன் செய்தேன். மாலைக்குள் ஆள் வருவார் என்றது ஒரு குரல்.

"அண்ணா, நான் ஃபிட்டருதான். வீலை நானே கழட்டித் தரேன், நானே மாட்டிக்கிறேன். ஒயருக்கு என்ன ஆனாலும் என் பொறுப்பு. நீங்க டயரை மட்டும் மாத்திக் குடுங்க. அவசரம்ணா."

அவர் யோசித்தார். "வேலைக்கு லேட்டாவுதா? சரி, அந்த டிபன் பையை அப்படி ஓரமா வைங்க, காலு படும்."

"டிபன் இல்லண்ணா. பாலு. குழந்தை ஆஸ்பத்திரில பெட்டியில இருக்கு. தாய்ப்பால் கொண்டு போறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு துணியில் துடைத்து, என்னிடமிருந்து பையை இரண்டு கையாலும் வாங்கி, கடைக்குள் உயரமான பலகை ஒன்றில் பத்திரமாக வைத்தார். நன்றியில் எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பலகைக்கு மேலே தகரக் கூரை இருந்ததை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

என் வண்டிக்கான அளவில் டயர் அவரிடம் இல்லை. பன்னிரண்டு அங்குல டயர் இரண்டு தெரு தள்ளி ஒரு டயர் கடையில் கிடைக்கும் என்றார். ஓடினேன். ஷட்டர் பூட்டியிருந்தது. ஒன்பது மணிக்குத் திறப்பார்கள் என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். மணி எட்டு இருபது. திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தேன்.

சீட்டுக்கு அடியில் மெயின் சுவிட்சை அணைத்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மோட்டாரிலிருந்து வரும் ஒயர்கள் எப்படிச் செருகியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்தேன். மூன்று தடித்த ஒயர், கூடவே மெல்லிய ஒயர்கள் சேர்ந்த ஒரு சின்ன பிளக். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அச்சு நட்டு இறுகிப்போயிருந்தது. ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதித்தேன். தொழிற்சாலையில் ஒரு மெஷின் நின்றால் பத்து பேர் என் தலைமேல் நின்று கத்துவார்கள். அப்போதுகூட நான் ஸ்பானரைத் தவறவிட்டதில்லை. இங்கே கத்துவதற்கு யாரும் இல்லை, ஆனால் ஸ்பானர் இரண்டு தடவை நழுவியது.

எட்டே முக்காலுக்கு வார்டிலிருந்து போன்.

"பேபியோட அப்பாதானே? பால் எங்க சார்? டாக்டர் வெயிட் பண்றாங்க."

"வந்துட்டே இருக்கேன் சிஸ்டர். பத்து நிமிஷம்."

ஒன்பதரைக்கு மறுபடியும் வந்தது. மறுபடியும் பத்து நிமிடம் என்றேன். மூன்றாவது முறை அழைத்தபோது நான் எடுக்கவில்லை. நடுவில் மனைவி கூப்பிட்டதையும் எடுக்கவில்லை.

டயர் கடை ஒன்பதேகாலுக்குத் திறந்தது. புது டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தேன். பழைய டயர் ரிம்மைவிட்டு வர மறுத்தது. கடைக்காரர் நெம்புகோல் போட, ஒயர் நசுங்காமல் நான் உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருந்தேன். ஒரு தடவை நெம்புகோல் வழுக்கி என் விரலில் இறங்கியது. அவர் பதறி நிறுத்தினார். "நிறுத்தாதீங்கண்ணா" என்று கத்தினேன். புது டயரைச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினோம். டயரின் பக்கத்தில் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி உண்டு. அவசரத்தில் அதை மாற்றிப் போட்டுவிட்டோம். "சார், அம்பு உல்டாவா இருக்கு" என்று அவரேதான் கண்டுபிடித்தார். அப்படியே இருக்கட்டும் என்றேன். மழையில் வழுக்கும் என்று சொல்லி, பிடிவாதமாகக் கழற்றித் திருப்பிப் போட்டார். அதில் கால் மணி நேரம் போயிற்று. அவர் செய்தது சரிதான். அப்போது அவரைச் சபித்தேன்.

பத்தரைக்கு மேல் சக்கரத்தை வண்டியில் மாட்டினேன். நட்டை இறுக்கி, ஒயர்களைப் படத்தைப் பார்த்துச் செருகி, மெயின் சுவிட்சைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் திருகினேன். சக்கரம் கடகடவென்று ஒரு சத்தம் போட்டு, துடித்து, நின்றுவிட்டது. திரையில் சிவப்பு விளக்கு.

அந்த இடத்தில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். வெட்கம் தோன்றவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த எண்ணத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்திருக்கிறேன். இந்தக் குழந்தை பிழைக்காது, அதற்குக் காரணம் நானாகத்தான் இருக்கப் போகிறேன். இதுதான் அந்த எண்ணம். அது தெளிவாக, யாரோ காதில் சொல்வதுபோல வந்தது.

"எழுந்திரிங்க சார்" என்றார் கடைக்காரர். "நான் இந்த ஒயரைத் தொட மாட்டேன், பயம். ஆனா நீங்க தொடலாம், உங்களுக்குத் தெரியும். எங்கயோ கூடல, அவ்வளவுதான். பாருங்க."

பார்த்தேன். மெல்லிய ஒயர்களின் பிளக்கில் ஒரு முள் மடிந்திருந்தது. நான்தான் அவசரத்தில் கோணலாகச் செருகியிருக்கிறேன். அவர் சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தார். அதன் முனையால் முள்ளை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகினேன். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

பலகையிலிருந்து பையை எடுத்தபோது அது சூடாக இருந்தது. தூறல் நின்று எப்போதோ வெயில் வந்திருந்தது. ஐஸ் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே வெறும் தண்ணீர். கடைக்காரரும் அமுக்கிப் பார்த்தார்.

மருத்துவமனையை அடைந்தபோது மணி பதினொன்றரை. வார்டு வாசலில் நின்று பையை நீட்டினேன். நர்ஸ் டப்பாவின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒட்டியிருந்த நேரத்தைப் படித்தார்.

"இத்தனை நேரம் எங்க இருந்தது சார் இது?"

அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. டயர் வெடித்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குடுக்க முடியாது சார். பெரிய குழந்தைன்னாலே யோசிப்போம். இவளுக்கு இப்பத்தான் வயிறு சரியாயிருக்கு. சாயங்காலம் ஃப்ரெஷ்ஷா கொண்டு வாங்க, அதுவரைக்கும் குளுக்கோஸ்ல இருக்கட்டும்."

இரண்டு டப்பாவையும் வாஷ் பேசினில் ஊற்றினார். பால் வெள்ளையாகக்கூட இல்லை, லேசான மஞ்சளாக இருந்தது. குழாயைத் திறந்தார். போய்விட்டது.

குழந்தையைப் பார்க்க உள்ளே போகலாமா என்று கேட்டேன். என் கையைப் பார்த்தார். மூன்று தடவை சோப்புப் போட்டும் நகத்துக்குள் ரப்பர் கறுப்பும் விரலில் ரத்தமும் இருந்தன. "இன்னிக்கு வேண்டாம் சார்" என்றார். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்த்தேன். அவள் வாய் எதையோ சப்புவதுபோல அசைந்துகொண்டிருந்தது. பசியோ, கனவோ, தெரியவில்லை.

அப்போது மனைவி போன் செய்தாள். "ஏங்க, ஏன் இவ்வளவு நேரம் போன் எடுக்கல? குடிச்சாளா?"

"குடிச்சா" என்றேன்.

"எவ்வளவு?"

"ரெண்டு மில்லி."

"கக்கலையே?"

"இல்ல. நல்லாத் தூங்கறா."

அந்தப் பக்கம் அவள் அக்காவிடம் சொல்வது கேட்டது. "அக்கா, பாப்பா குடிச்சிட்டாளாம்." பெட்டியில் குழந்தையைப் பார்த்த நாளிலிருந்து அவள் குரலில் அப்படி ஒரு உயிர்ப்பை நான் கேட்டதே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பொய்யைக் கேட்ட பிறகு அவளுக்குப் பால் நன்றாகச் சுரந்தது. நான் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனபோது டப்பாவில் ஐம்பது மில்லிக்கு மேல் இருந்தது. "பாருங்க, அவ குடிக்கிறான்னதும் எப்படி வருது" என்று என்னிடம் காட்டினாள். அந்தப் பாலை ஆட்டோவில் எடுத்துப் போனேன். புது டயர் போட்ட வண்டி வாசலில் நின்றது. அதில் ஏற எனக்குத் துணிவில்லை. மாலை ஆறு மணிக்குக் குழாய் வழியாக முதல் இரண்டு மில்லி இறங்கியது. கக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு இரண்டு மில்லி.

அடுத்த நாளிலிருந்து மறுபடியும் ஸ்கூட்டர்தான். கிளம்பும் முன் குனிந்து டயரைச் சுற்றிக் கையால் தடவிப் பார்ப்பேன். கல், ஆணி, வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று. காற்றுமானி ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்று பார்த்தேன். முன் டயரும் ஓரம் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினேன். பேட்டரி போய்விட்டது என்று நினைத்த வண்டி, பழையபடி எண்பது கிலோமீட்டர் ஓடியது. இரண்டு மாதம் முன்னால் ஐந்து நிமிடம் குனிந்திருந்தால் போதும்.

மனைவியின் புண் ஆறி, வார்டுக்கு வரலாம் என்று சொல்ல இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. அன்று, பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாக, அவளைப் பின்னால் உட்கார வைத்து, நடந்து போகும் வேகத்தில் ஓட்டிப் போனேன். கையைக் கழுவி, கவுன் மாட்டி, அவள் பெட்டியின் முன்னால் நின்றாள். குழந்தையின் முதுகில் இரண்டு விரலை வைத்தாள். நர்ஸ் கொஞ்சம் பால் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி, பெட்டியில் மாட்டியிருந்த, பால் நேரம் குறிக்கும் அட்டையை எடுத்து எழுதினார். மனைவி அந்த அட்டையைக் கேட்டு வாங்கினாள். அதில் கோத்திருந்த தாள்களை ஒவ்வொரு நாளாகப் பின்னால் புரட்டினாள். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. நிறுத்திய பாலை மறுபடி கொடுத்தது, மாலை ஆறு மணி. காலைக் கட்டங்கள் காலியாக இருந்தன.

அட்டையை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தாள். திரும்பும் வழியில், கோரமங்களா தாண்டும்போது, என் தோளைத் தட்டினாள்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"அன்னைக்குக் காலைல என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோ, டயர் கடை, தகரக் கூரை, வாஷ் பேசின். அவள் என்னைப் பார்க்காமல், போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கொட்டிட்டாங்களா?"

"ம்."

"நாப்பது மில்லியும்?"

"ஆமா."

"டயர் போச்சுன்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பாலை எடுத்துட்டு ஓடுங்கன்னு சொல்லியிருப்பேன். வண்டி கிடந்தா கிடக்கட்டும்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது தோணல. எனக்குத் தோணியிருக்கும்."

"நீ அழுவியேன்னுதான்…"

"அழுதுட்டுப் போறேன். எம் பாலு, நான் அழக்கூடாதா?"

வண்டியை எடுத்தேன். வீடு வந்து சேரும்வரை அவள் என் தோளைப் பிடிக்கவில்லை, பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குழந்தையைப் பற்றி நான் என்ன சொன்னாலும், அவள் ஒருமுறை வார்டுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வாள். அதுவும் நியாயம்தான்.

பிறந்த அறுபத்தோராம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மனைவியும் அவள் அக்காவும் குழந்தையோடு ஆட்டோவில் ஏறினார்கள். நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்தேன். பள்ளம் வரும் இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். முன்னால் போய் "மெல்ல, மெல்ல" என்று ஆட்டோக்காரருக்குக் கை காட்டுவேன், மறுபடியும் பின்னால் வருவேன். அவர் சலித்துக்கொண்டு, "சார், நீங்களே ஓட்டுங்களேன்" என்றார்.

சில்க் போர்டில் வழக்கம்போல எல்லாம் நின்றது. முன்னாலும் பின்னாலும் ஹார்ன். ஆட்டோவின் பக்கத்தில் வண்டியை ஒட்டி நிறுத்தினேன். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. பூனைக்குட்டி கத்துவதுபோலத்தான் இருந்தது, அதற்கு மேல் பலம் இல்லை. மனைவி புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. எதிரே சிக்னல் பச்சையானது, யாரும் நகரவில்லை.